ஐந்து மடங்கு வரியும் ஒரு கோழிக்காலும்

அக்டோபர் 26

மழை. துவைத்த துணி காயவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால், அக்காவுக்கு உதவிக்குப் போயிருக்கும் என் மனைவி யூ-சென் ஹுவாலியனிலிருந்து போன் செய்தாள். அவள் அக்காவின் முழங்கால் இன்னும் சரியாக மடங்கவில்லையாம். மார்ச்சில் அறுவை சிகிச்சை செய்த முழங்கால் அக்டோபரிலும் மடங்காமல் இருக்குமா என்று கேட்டேன். "ஒவ்வொருத்தர் முழங்கால் ஒவ்வொரு மாதிரி" என்றாள். சைக்கிள் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவோம். இதை அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 29

தம்பி தியான்-லூ கின்மென் தீவிலிருந்து அனுப்பிய பார்சல் வந்தது. நிலாப் பண்டிகைக்கான சோளச் சாராயம். அரசாங்கக் கணக்கில் கின்மென்னைக் குடியிருப்பாகக் காட்டும் குடும்பப் பதிவு வைத்திருப்பவர்களுக்குப் பண்டிகைக்குப் பண்டிகை சலுகை விலையில் கிடைப்பது. நான் பிறந்த தீவு அது. பிழைப்புக்குத் தைச்சுங் நகரத்துக்கு வந்தேன், இங்கேயே கல்யாணம், இங்கேயே வீடு. பதிவை மட்டும் தீவிலேயே விட்டுவைத்திருக்கிறேன். விமானத்திலும் சலுகை உண்டு.

நான் குடிப்பதில்லை. அது வேறு விஷயம்.

பின்னறையில் இடம் இல்லை. பாட்டில்களை மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். அங்கேயும் இனி இடம் இல்லை.

நவம்பர் 3

மதியம் முனைக்கடையில் டப்பா சாப்பாடு வாங்கினேன். கோழிக்கால் சவசவவென்று இருந்தது. போன வசந்தத்தில் வட்டத் தலைவர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாரே, அந்தக் கோழிக்கால் மாதிரி வராது.

நவம்பர் 4

நில வரிச் சீட்டு வந்திருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். போன வருடத்தைப் போல ஐந்து மடங்கு. அச்சுப் பிழையாகத்தான் இருக்க வேண்டும். நாளை போய்க் காட்டிவிட்டு வருகிறேன். பாவம், யாருக்கோ திட்டு விழும்.

நவம்பர் 5

யாருக்கும் திட்டு விழவில்லை.

வரி அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் என் சீட்டை வாங்கி, கணினியில் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, இந்த வீட்டுல யாருமே இல்லையே."

"நான் இருக்கேனே."

"நீங்க கின்மென்ல இருக்கீங்க."

"நான் உங்க முன்னாடி நிக்கிறேன்மா."

"பதிவுல சொல்றேங்க ஐயா."

பிறகு விளக்கினாள். நிலச் சொந்தக்காரரோ, அவருடைய மனைவியோ, பெற்றோரோ, பிள்ளை பேரப்பிள்ளையோ அந்த வீட்டில் குடும்பப் பதிவு வைத்திருந்தால் அது சொந்தக் குடியிருப்பு, வரி குறைவு. ஒருவரும் இல்லையென்றால் சாதாரண நிலம், ஐந்து மடங்கு. இத்தனை வருடமும் குறைந்த வரி வந்ததற்குக் காரணம் வீட்டுப் பதிவில் யூ-சென் பெயர் இருந்ததுதான்.

"அவங்க ஏப்ரல்லயே வெளியூருக்கு மாத்திக்கிட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதனால் இருக்கலாம். தம்பியின் பெயரை இங்கே மாற்றினால் நடக்குமா என்று கேட்டேன். கூடப் பிறந்தவர்கள் கணக்கில் சேரமாட்டார்களாம். செப்டம்பர் இருபத்திரண்டுக்குள் விண்ணப்பித்திருந்தால் இந்த வருடமே சரிசெய்திருக்கலாமாம். இனி அடுத்த வருடம்தான்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. முழங்காலுக்கு உதவிக்குப் போகிறவள் குடும்பப் பதிவை மாற்றிக்கொண்டு போகமாட்டாள்.

நவம்பர் 6

என் பெண்டாட்டி என்னை விட்டுப் போய்விட்டாள் என்பது வரி அலுவலகத்துக்கு ஏப்ரலில் தெரியும். எனக்கு நவம்பரில்.

நவம்பர் 7

தாவோயுவானில் இருக்கும் மகள் பெய்-ஷானுக்குப் போன் செய்து, உன் பதிவை இங்கே மாற்ற முடியுமா என்று கேட்டேன். மாற்றினால் குழந்தைக்கு அங்கே அரசுப் பாலர் பள்ளியில் இடம் கிடைக்காதாம். அப்புறம், "அப்பா, நீ அம்மாகிட்ட பேசினியா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவோம் என்றேன். "எப்படித்தான் இருக்கியோ" என்று வைத்துவிட்டாள்.

எப்படி இருக்கிறேன்? சாதாரணமாகத்தான் இருக்கிறேன். துணி இன்னும் காயவில்லை.

நவம்பர் 9

ஞாயிறு. அவள் போன் செய்தாள். என்ன பேச வேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். இருந்தாலும் வாயில் வந்தது இதுதான்: "நில வரி அஞ்சு மடங்கா வந்திருக்கு."

"ஓ. இப்பதான் தெரிஞ்சுதா?"

"சீட்டு இப்பதானே வரும்."

"சரி."

கோபப்படாமல், நிதானமாக, இரண்டு பேருக்கும் சிரமம் இல்லாத ஒரு வழியைச் சொன்னேன். "நீ வர வேணாம். அக்காவப் பாத்துக்க. பதிவ மட்டும் இங்க மாத்தி வெச்சா போதும்."

லைன் போய்விட்டதோ என்று 'ஹலோ, ஹலோ' என்றேன். அப்புறம் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"வெங் தியான்-ஃபூ" என்றாள். முழுப் பெயரைச் சொன்னால் விஷயம் மோசம் என்று அர்த்தம். "அந்த வீட்டுப் பதிவுல என் பேரு ஒண்டிக்கட்டையா கெடந்துச்சே, அப்ப உனக்கு உறுத்துச்சா? நீ குடித்தனக்காரன். வாடகை குடுக்காத குடித்தனக்காரன். உன் வரிய நீயே கட்டு."

வைத்துவிட்டாள்.

நவம்பர் 16

ஞாயிறு. போன் வரவில்லை.

நவம்பர் 23

வரவில்லை. போன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரரை என் நம்பருக்கு அடிக்கச் சொன்னேன். நன்றாகவே அடித்தது.

நவம்பர் 28

முனைக்கடையிலேயே வரியும் வாங்கிக்கொள்வார்கள். அங்கே கட்டினேன். கல்லாவில் இருந்த பெண் சீட்டைப் பார்த்து, "பெரிய நிலமா ஐயா?" என்றாள். ஒரு ஸ்கூட்டரும் இரண்டு செடித்தொட்டியும் வைத்தால் வாசலில் நடக்க வழியில்லாத நிலம். பெரியதுதான் என்றேன்.

டிசம்பர் 21

குளிர்காலத் திருநாள், வருடத்தின் நீண்ட இரவு. அரிசி உருண்டைச் சூப் குடிக்க வேண்டும். உறைந்த பாக்கெட் வாங்கி வந்து கொதிக்கவைத்தேன். எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டையாகிவிட்டது. யூ-சென் ஏதோ ஒரு நேரத்தில் குளிர்ந்த தண்ணீர் விடுவாள். எப்போது என்று பார்த்து வைத்துக்கொண்டதில்லை.

பிப்ரவரி 18

சந்திரப் புத்தாண்டின் இரண்டாம் நாள். பெய்-ஷான் மாப்பிள்ளையோடும் குழந்தையோடும் வந்தாள். யூ-சென் வரவில்லை. "அக்கா முழங்கால்" என்று மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நல்ல பையன்.

மாப்பிள்ளை குழந்தையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனதும் பெய்-ஷான் கேட்டாள்: "அப்பா, அந்த டப்பா சாப்பாட்ட நீ சாப்பிட்டியாமே?"

எந்த டப்பா என்றேன்.

"வட்டத் தலைவர் குடுத்தது."

அது நினைவிருக்கிறது. போன மார்ச். யூ-சென்னுக்கு அறுபத்தைந்து முடிந்த புதிது. வட்டத் தலைவர் வாசலில் வந்து நின்றார். புதிதாக ஜெயித்தவர், யாரையும் தெரியாது. தனியாக வசிக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். நான் அரைக்கால் சட்டையோடு மாடியிலிருந்து இறங்கினேன். அவர் குழம்பிப்போய், "இவரு யாரு?" என்று கேட்டார். யூ-சென் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கின்மென்லருந்து வந்திருக்காரு" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்றுதான் நினைத்தேன். அவர் போனதும் அவள் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு நின்றாள். வந்ததை ஏன் வீணாக்க வேண்டும்? நான் சாப்பிட்டேன். கோழிக்கால் அருமையாக இருந்தது. அதையும் அவளிடம் சொன்னேன்.

"அம்மா அதைப் பாத்துக்கிட்டே நின்னாளாம்" என்றாள் பெய்-ஷான். "புருஷன் எதிர்ல உக்காந்து சாப்பிடறான், ஊர்க்கணக்குல நான் நாதியத்தவ. அந்தச் சாப்பாட்டையும் அவனே திங்கறான். இப்படிச் சொல்லி அழுதாப்பா."

அந்த வாரக் கடைசியில்தான் முழங்காலுக்குக் கிளம்பினாள்.

அழுதாளா? யூ-சென்னா?

பிப்ரவரி 19

மகள் ஊருக்குக் கிளம்பினாள். பஸ் நிலையம்வரை கூடப் போனேன். பஸ் ஏறும் முன்னால், "பதிவ இங்க மாத்திக்கோயேன்பா. அதுல என்ன இருக்கு?" என்றாள். புத்தாண்டுச் சாராயம் இன்னும் வாங்கவில்லை, வாங்கிவிட்டு மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறு நொடியே அவள் முகத்தைப் பார்த்தேன். என் நாக்கை எந்தத் தரப் பரிசோதனையில் விட்டாலும் தேறாது.

ஏப்ரல் 5

கல்லறை சுத்தம் செய்யக் கின்மென் வந்தேன். புல் பிடுங்கி, மஞ்சள் காகிதத்தைக் கல் வைத்து அழுத்தி, தாத்தாவிடமும் அப்பாவிடமும் ஒன்றும் வேண்டிக்கொள்ளாமல் இறங்கினேன். என்னவென்று வேண்டுவது?

தம்பி வீட்டில் என் பெயரில் பதிவான அறை ஒன்று உண்டு. இன்று கதவைத் திறந்து பார்த்தேன். ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. பக்கத்தில் வேர்க்கடலை மூட்டைகள். அரசாங்கக் கணக்கில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இன்றுவரை நான் குடியிருக்கும் இடம் இது. ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

பதிவை மாற்றிக்கொள்ளப்போகிறேன் என்று இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். தியான்-லூ சிப்பி ஆம்லெட்டைக் கீழே வைத்தான்.

"அண்ணா, சாராயம் போயிடுமே!"

"நான் குடிக்கிறதில்லையேடா."

"குடிக்கிறதுக்கா வாங்கறோம்? உரிமைண்ணா அது!" பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணி உன்னைய மெரட்டறாங்களா?" என்றான்.

"உங்க அண்ணி என்கிட்ட பேசியே அஞ்சு மாசம் ஆச்சுடா."

அவன் தன் ஆம்லெட்டையும் என் தட்டில் தள்ளினான்.

மே 12

பதிவு அலுவலகம். புதிய அடையாள அட்டைக்குப் புகைப்படம் கேட்டார்கள். முன்னாலேயே எடுத்து வைத்திருந்தேன். அதில் வரி ஏய்ப்பவன் மாதிரி இருந்தேன்.

"குடும்பத் தலைவர்?" என்றார் அலுவலர்.

"நான்தான்."

"கூட வேற யாரு?"

"ஒருத்தரும் இல்ல."

ஒன்றும் கேட்காமல் தட்டச்சு செய்தார். தினமும் எத்தனையோ பேர் இப்படிச் சொல்வார்கள் போல. புது அட்டையின் பின்பக்கம் தைச்சுங் வீட்டு முகவரி. அதற்கு மேலே கணவன்-மனைவி என்ற இடத்தில் அவள் பெயர். பழைய அட்டையிலும் இருந்திருக்கும். அட்டையை நான் திருப்பிப் பார்த்ததே இல்லை.

அப்படியே வரி அலுவலகத்துக்குப் போய் சொந்தக் குடியிருப்புக்கு விண்ணப்பம் கொடுத்தேன். அதே பெண். "ஓ, வீட்டுக்கு வந்துட்டீங்களா ஐயா?" என்று சிரித்தாள். வீட்டில் வியாபாரம் எதுவும் நடக்கக்கூடாது, சில சமயம் நேரில் வந்து பார்ப்போம் என்றாள்.

பின்னறையையும் மாடிப்படிக்கு அடியையும் நினைத்துக்கொண்டேன். யார் பார்த்தாலும் சாராயக்கடை என்றுதான் சொல்வார்கள்.

மே 15

பழைய சாராயம் வாங்கும் வியாபாரி ஒருவரை வரவழைத்தேன். ரொம்பப் பழைய பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூடி வழியா போயிடுச்சு சார்" என்றார். சீல் உடையவில்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. நாள் ஆக ஆக விலை ஏறும் என்று நினைத்து அடுக்கினேன். அதுபாட்டுக்கு ஆவியாகிக்கொண்டிருந்திருக்கிறது, மூடிய அறைக்குள், யாருக்கும் தெரியாமல். அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். ஐந்து மடங்கு வரியில் ஏற்பட்ட ஓட்டைக்குச் சரியாகப் போயிற்று.

பின்னறைக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. மறந்தே போயிருந்தேன். இந்த அறை எனக்கு வேண்டும் என்று யூ-சென் முன்பு கேட்டிருக்கிறாள். எதற்கு என்றதற்கு, "உள்ள போய் கதவ சாத்திக்கிறதுக்கு" என்றாள். அதற்கு ஒரு அறையா என்று நான் சிரித்தேன். நான் நிறையச் சிரித்திருக்கிறேன்.

மே 30

வரி அதிகாரி யாரும் வந்து பார்க்கவில்லை. அறை சும்மா இருக்கிறது.

ஜூன் 18

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நாளை படகுப் பண்டிகை. மதியம் அழைப்பு மணி அடித்தது. வட்டத் தலைவர். கையில் டப்பா. என் பெயரைப் படித்தார்: "வெங் தியான்-ஃபூ ஐயா? தனியா வசிக்கிறவங்களுக்கு மதியச் சாப்பாடு. நாளைக்குப் பண்டிகை, அதனால இலைப் பொட்டலச் சோறும் ஒண்ணு வெச்சிருக்கேன்." என் முகத்தைப் பார்த்தார். "நீங்க... கின்மென்லருந்து வந்தவர்தானே? முன்னாடி இங்க ஒரு அம்மா இருந்தாங்களே, அவங்க...?" குரல் இறங்கியது. செத்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார்!

"இருக்கா, இருக்கா!" என்று கத்திவிட்டேன். மனிதர் ஒரு படி பின்னால் போனார். "ஹுவாலியன்ல இருக்கா. அவ அக்காவுக்கு முழங்கால்."

அவர் டப்பாவை என் கையில் வைத்து, "உடம்பப் பாத்துக்கோங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மேஜையில் வைத்துத் திறந்தேன். கோழிக்கால், முட்டைக்கோஸ், பாதி முட்டை. எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. நாதியற்றவன் என்று ஊரே கூடி எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சோறும் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. யூ-சென் இந்த இடத்தில்தான் நின்றாள். அவளுக்காவது ஒரு சௌகரியம்... இல்லை, என்ன சௌகரியம்? நான் எதிரில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன். அது இதைவிடக் கொடுமை. எனக்கு எதிரில் யாருமே இல்லை, அதுவே தாங்கவில்லை.

போன் செய்தேன். வியாழக்கிழமை. எடுத்தாள்.

"டப்பா சாப்பாடு வந்திருக்கு" என்றேன். "என் பேருக்கு."

"உன் பேருக்கா? நீ கின்மென்காரனாச்சே."

"மாத்திட்டேன். போன மாசம்."

"சாராயம்?"

"போச்சு. எல்லாத்தையும் வித்துட்டேன். பாதி ஆவியாப் போயிருந்துச்சு."

"பெய்-ஷான் சொல்லலையே."

"அவளுக்கே தெரியாது." பிறகு சொன்னேன்: "யூ-சென், வந்துடு."

"எதுக்கு? வரிக்கா?"

"வரி வேலை முடிஞ்சுது. நான் ஒருத்தன் இருந்தா போதுமாம். உன் பேரு தேவையில்ல."

"அப்ப எதுக்கு?"

இதற்கு நான் ஒத்திகை பார்த்து வைக்கவில்லை.

"கோழிக்கால் தொண்டைல எறங்கலடி" என்றேன். மூக்கை உறிஞ்சினேன். அவளுக்குக் கேட்டிருக்கும்.

"மூடி ஃபிரிட்ஜ்ல வை. கெட்டுடப்போகுது" என்றாள்.

ஜூன் 21

ஞாயிறு. போன் வந்தது. முழங்காலைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூலை 14

யூ-சென் வந்திருக்கிறாள். கோடைத் துணி எடுத்துப்போக வந்தேன் என்றாள். காலணியைக் கழற்றியதும் நேரே பின்னறைக்குப் போனாள். அங்கே தரையும் ஜன்னலும்தான் இருக்கின்றன. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் தட்டவில்லை.

ஜூலை 15

துணி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். "அந்த ரூமுக்குத் திரை போடு. சாயங்கால வெயில் மூஞ்சில அடிக்குது" என்றாள்.

போட்டுவிட்டேன். நீலம். இரண்டு முறை அளந்தேன்.

செப்டம்பர் 23

நேற்றோடு இந்த வருடத்துக்கான வரி விண்ணப்பக் கெடு முடிந்தது. இன்று காலை யூ-சென் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினாள். கெடு முடியட்டும் என்றே காத்திருந்தாளாம். "வரிக்குன்னு வந்தேன்னு நீ கணக்குல எழுதிக்கக்கூடாதுல்ல."

மதியம் இருவரும் பதிவு அலுவலகம் போனோம். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள். நான் அவளைக் காட்டினேன். அவள் என்னைக் காட்டி, "அவரே இருக்கட்டும். ஒரு தடவ அவரும் இருந்து பாக்கட்டும்" என்றாள்.

நவம்பர் 5

நில வரிச் சீட்டு வந்தது. பழையபடி.

மதியம் வட்டத் தலைவரும் வந்தார், டப்பாவோடு. யூ-சென் கதவைத் திறந்ததும் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொல்லி டப்பாவைத் திருப்பிக்கொண்டு போகப் பார்த்தார். "அடுத்த தடவலருந்து எடுத்துக்கோங்க. கொண்டு வந்தத குடுத்துட்டுப் போங்க. இதுல கோழிக்கால் அருமையா இருக்குமாம்" என்று சொல்லி அவர் கையிலிருந்து அவள் வாங்கிக்கொண்டாள்.

மேஜையில் எனக்கு எதிரில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே, எலும்புவரை சாப்பிட்டாள். முட்டைக்கோஸை என் பக்கம் தள்ளினாள்.

முட்டைக்கோஸ் நன்றாகவே இருந்தது.